எட்டுப் பேர், ஒரு வாரம்: சமையலறை உள்ள வீடா, ஹோட்டலா?

சக்கரக்கால்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் விடுமுறையில் குடும்பமாக ஒரு வாரம் போல வெளியூர் போகிறோம். நானும் மனைவியும், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், தங்கை, தங்கை வீட்டுக்காரர், அப்புறம் அப்பா அம்மா, மொத்தம் எட்டுப் பேர். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சின்னவன் வெளிச் சாப்பாடு என்றால் இரண்டு வாய்க்கு மேல் தொடமாட்டான். அதனால் ஹோட்டலில் நாலு அறை போடுவதைவிட, சமையலறையோடு முழு வீடாக எடுத்துவிட்டால் சாப்பாட்டுக் கவலையும் தீரும், எல்லோரும் ஒரே கூரைக்குள் இருந்த மாதிரியும் இருக்கும் என்பது என் யோசனை.

தங்கை "ஹோட்டலே போதும்" என்கிறாள், ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். மனைவி "உங்க இஷ்டம்" என்று முடித்துவிட்டாள்.

ஆப்பில் பார்த்தால் எல்லா வீட்டிலும் "சமையலறை உண்டு" என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது? பணம் உண்மையிலேயே மிச்சமாகுமா? போய் இறங்கிய பிறகுதான் தெரியும் என்கிற மாதிரி விஷயங்கள் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தூரத்துப்பச்சை:

"சமையலறை உண்டு" என்ற வரிக்குள் என்ன வேண்டுமானாலும் அடங்கும் நண்பரே. நாலு பர்னர், ஓவன், பெரிய ஃப்ரிட்ஜ் என்று முழுதாக இருப்பதும் அதுதான், மூலையில் ஒரு மைக்ரோவேவும் கெட்டிலும் வைத்திருப்பதும் அதுதான். அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கி அடுப்பை எண்ணுங்கள். ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் எட்டுப் பேருக்குச் சமைத்தால் கடைசி ஆள் சாப்பிட உட்காரும்போது முதல் ஆளுக்கு மறுபடி பசி வந்துவிடும்.

அடுத்தது பாத்திரம். "எட்டுப் பேர் தங்கலாம்" என்பது கட்டில் கணக்கு, அதிலும் ஹாலில் கிடக்கும் சோபா கட்டிலைச் சேர்த்த கணக்கு. பாத்திரம் பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருக்கும். நான் வீட்டுக்காரருக்கு எப்போதும் ஒரே கேள்வியைத்தான் அனுப்புவேன்: "இருப்பதிலேயே பெரிய பாத்திரம் எத்தனை லிட்டர் பிடிக்கும், அலமாரியைத் திறந்து ஒரு படம் அனுப்ப முடியுமா?" படம் வந்தால் நல்லது. "எல்லாம் இருக்கு சார்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவேன். எத்தனை குளியலறை என்பதையும் கேளுங்கள், எட்டுப் பேர் காலையில் ஒன்றாகக் கிளம்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சொந்தப் பாத்திரம் கொண்டுபோவதாக இருந்தால், அங்கே இண்டக்‌ஷனா கேஸா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்‌ஷனில் அலுமினியமும் செம்பும் சும்மா வைத்தால் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேலை செய்யும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து அடியில் வைத்துப் பார்த்தால் போதும்.

வெளிநாடு என்றால் இன்னொன்று. மின்சாரக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த குக்கர் 120 வோல்ட் ஊரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சூட்டைத்தான் தரும், தண்ணீர் கொதிக்கவே பொழுது போய்விடும். 120 வோல்ட் சாமானை 230 வோல்ட்டில் சொருகினால் அதோடு சரி, கருகிவிடும். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பணம் மிச்சமா என்றால், எத்தனை இரவு என்பதைப் பொறுத்தது. கிளீனிங் சார்ஜ் ஒரு தங்கலுக்கு ஒரு தடவைதான். இரவுக்கு 100 வாடகை, கிளீனிங்கும் 100 என்று வையுங்கள். 2 இரவு தங்கினால் இரவுக்கு 150 ஆகிவிடும், 7 இரவு தங்கினால் 114 சொச்சம்தான். அதனால் ஒரு வாரத்துக்கு வீடு கட்டுப்படியாகும், வார இறுதிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் ஹோட்டல்தான் மலிவு. ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்து மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்று விதி வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. மின்சாரம் மீட்டர்படி தனி, படுக்கை விரிப்பும் துண்டும் தனி, டெபாசிட் தனி என்று கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

அஞ்சறைப்பெட்டி:

அண்ணா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன உடம்பு, யார் என்ன சாப்பிடமாட்டார்கள் எல்லாம் இருக்கிறது. யார் சமைக்கப்போகிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. தங்கை காரணம் சொல்லாததற்கும் அண்ணி "உங்க இஷ்டம்" என்றதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் வீடே வேண்டாம் என்று சொல்லவரவில்லை, எனக்கு ஹோட்டலைவிட வீடுதான் பிடிக்கும். ஆனால் வீட்டில் சொந்தக் கத்தி, சொந்தப் பாத்திரம், எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பழக்கம் எல்லாம் இருக்கிறது. வாடகை வீட்டில் முதல் இரண்டு நாள் கரண்டி எந்த இழுப்பறையில் என்று தேடுவதிலேயே போய்விடும். அங்கே இருக்கிற கத்தியில் வெண்ணெய்கூட வெட்டுப்படாது. நான்ஸ்டிக் சட்டி சொரசொரவென்று தேய்ந்து, எதை ஊற்றினாலும் பிடித்துக்கொள்ளும். இதற்கு நடுவே மூன்று வேளையும் எட்டுப் பேருக்குச் சமைத்து, கழுவி, அடுத்த வேளைக்கு நறுக்க உட்கார்ந்தால் அந்த ஆளுக்கு விடுமுறை எங்கே இருக்கிறது? மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டு வந்து "இன்னிக்கு என்ன?" என்று கேட்பார்கள்.

நாங்கள் செய்வது இது. காலையும் இரவும் மட்டும் வீட்டில், மதியம் எங்கே இருக்கிறோமோ அங்கே வெளியே. ஒவ்வொரு இரவும் இரண்டு பேர் பொறுப்பு, அதில் ஒருவராவது ஆண். கழுவுவது சமைக்காதவர்கள் வேலை. இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடவேண்டும். அங்கே போய்ப் பேசலாம் என்று விட்டால் யார் எப்போதும் செய்கிறாரோ அவர் தலையில்தான் விழும். பாத்திரம் கழுவும் மெஷின் இருக்கிற வீடு கொஞ்சம் வாடகை கூட என்றாலும் எடுங்கள். எட்டுப் பேருக்கு அது ஆடம்பரம் இல்லை.

போய்ச் சேரும் அன்று சமைக்கவே வேண்டாம். அன்று இரவுக்கும் மறுநாள் காலைக்கும் கையோடு எதையாவது கொண்டுபோய்விடுங்கள், அல்லது வாங்கிக்கொண்டே போங்கள். உப்பு, எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை, கைத்துணி, தீப்பெட்டி எல்லாம் வீட்டில் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் முந்தைய ஆட்கள் விட்டுப்போன அரைப் பாக்கெட் உப்பு இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது.

இன்னொன்று, சமையலறை ஹாலோடு சேர்ந்தாற்போல் திறந்து இருக்கிற வீடாகப் பாருங்கள். தனியாகக் கதவு சாத்தி ஒரு மூலையில் இருந்தால் சமைக்கிறவருக்கு எல்லோருடைய சிரிப்புச் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்கும்.

சாவிக்கொத்து:

நான் வீட்டை வாடகைக்கு விடுகிற பக்கத்து ஆள். இங்கே எல்லோரும் பாத்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், சரிதான், ஆனால் நுழைந்தவுடன் பார்க்கவேண்டியது வேறு சில இருக்கின்றன.

முதலில் ஃப்ரிட்ஜ். ஆள் இல்லாத நாட்களில் நிறையப் பேர் அதை அணைத்துவைப்போம். நீங்கள் வந்து போட்டவுடனே குளிராகிவிடாது, பல மணி நேரம் ஆகும். முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், இப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். சமைத்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள்.

தண்ணீர். வீடு ஒரு வாரம் பத்து நாள் பூட்டிக் கிடந்தால் குழாயிலும் ஷவரிலும் நின்றுபோன தண்ணீரில் லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியா வளரும், 20 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும் தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடித்தம். அந்தத் தண்ணீர்த் துளியை மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து, வயதானவர்களுக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய்விடும். ஆகவே முதல் நாள் ஷவரைத் திறந்துவிட்டு நீங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள், சில நிமிடம் ஓடட்டும், பிறகு அப்பா அம்மாவைக் குளிக்கச் சொல்லுங்கள். பொறுப்பான வீட்டுக்காரர் இதைத் தானே செய்துவைத்திருப்பார். செய்தாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேஸ். குளியலறைக்கு உள்ளேயே கேஸ் கீசர் மாட்டி, புகை வெளியே போக வழியும் இல்லை என்றால் அந்த வீடு வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வீட்டில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்காராமல் முதலில் வெளியே வந்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன அலாரம் கிடைக்கிறது, பெட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கனலாகத் தெரிந்தால்கூட அது வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அப்புறம் தாளிக்கும்போது கத்துகிறது என்று புகை அலாரத்தில் துணியைச் சுற்றிவைத்துவிட்டு, போகும்போது எடுக்க மறந்துவிடுகிறார்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போட்டால் போதுமே.

நுழைந்தவுடன் எல்லா அறையையும் ஃபோனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஏற்கெனவே கீறல், உடைசல், கறை இருக்கிற இடம். எதையாவது பார்த்தால் அன்றே ஆப் வழியாகவே செய்தி போடுங்கள். டெபாசிட் தகராறு வந்தால் உங்களுக்குத் துணை அதுதான், எங்களுக்கும்தான். மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும். பார்த்து முடிக்கும்வரை பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள்.

கடைசியாக எங்கள் தரப்பு வேண்டுகோள்: மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். நீங்கள் போன மறுநாள் குழாய் அடைத்துக்கொள்ளும், பிளம்பரோடு நிற்பது நான்.

சக்கரக்கால்:

எல்லோருக்கும் நன்றி. அஞ்சறைப்பெட்டி, தங்கையிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "இப்பவாவது கேட்டியே" என்றாள். மாப்பிள்ளைக்கும் எனக்கும் இரண்டு இரவு ஒதுக்கியாகிவிட்டது.

ஒரு வீடு பிடித்திருக்கிறது. மூன்று குளியலறை, நாலு பர்னர், அலமாரிப் படம்கூட அனுப்பினார். ஆனால் இப்போது "ஆப்பில் புக் செய்யாதீர்கள், எனக்கே நேராக அனுப்பிவிட்டால் 15 சதவீதம் குறைத்துக்கொள்கிறேன், கமிஷன் மிச்சம்" என்கிறார். பேச்சு நல்லபடியாகத்தான் இருக்கிறது. செய்யலாமா?

கண்கொத்தி:

செய்யாதீர்கள். ஆப்பில் பார்த்த வீட்டுக்கு ஆப்புக்கு வெளியே பணம் கேட்டாலே அதோடு பேச்சை முடித்துவிடவேண்டும். அவர் உண்மையான வீட்டுக்காரராகவே இருக்கலாம், கமிஷனை மிச்சம் பிடிக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் வெளியே அனுப்பிவிட்டால், போய் நிற்கும்போது வீடு பூட்டியிருந்தாலும், படத்தில் இருந்த வீடே அது இல்லை என்றாலும் ஆப்காரர்களிடம் போய் எதையும் கேட்கமுடியாது. ஏர்பிஎன்பி மாதிரியான வீட்டு வாடகை ஆப்களில் நீங்கள் உள்ளே வந்து ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் வீட்டுக்காரர் கைக்குப் பணத்தை விடுவார்கள். அந்த ஒரு நாள்தான் உங்கள் பாதுகாப்பு, அதை 15 சதவீதத்துக்கு விற்காதீர்கள். பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் போனது போனதுதான், கிரெடிட் கார்டு என்றால் தகராறு செய்யவாவது வழி இருக்கிறது.

படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே ஹால், அதே சோபா வேறொரு ஊர்ப் பெயரில் வந்தால் தெரிந்துவிடும். ரிவ்யூவில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, சமைத்தவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். "அருமையான இடம், நல்ல வீட்டுக்காரர்" என்று இருபது பேர் எழுதுவதைவிட "ஒரு பர்னர் எரியவில்லை, சொன்னவுடன் ஆள் அனுப்பினார்" என்று ஒருவர் எழுதியது மேல்.

அந்த ஊரில் இப்படி வீடு விடுவதற்கு அனுமதி வேண்டுமா என்றும் பாருங்கள். நியூயார்க் நகரில் 2023 செப்டம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரர் நகராட்சியில் பதிவு செய்திருக்கவேண்டும், கூடவே தங்கியிருக்கவேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. எட்டுப் பேருக்கு முழு வீடு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வீடுகளின் உரிமம் எல்லாவற்றையும் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது. பல ஊர்களில் பதிவு எண்ணை விளம்பரத்திலேயே போடவேண்டும். எண் இல்லை என்றால் கேளுங்கள், கடைசி நேரத்தில் ரத்தானால் எட்டுப் பேரோடு நடுத்தெருவில் நிற்கமுடியாது.

கேமராவையும் கேட்டுவிடுங்கள். ஏர்பிஎன்பியில் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்கு உள்ளே கேமரா அறவே கூடாது, வெளியே இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். மற்ற இடங்களில் விதி வேறு மாதிரி இருக்கலாம்.

முகில்:

வீடா ஹோட்டலா என்று இரண்டையே பார்க்கிறீர்களே, நடுவில் சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. அடுப்பு, ஃப்ரிட்ஜ் இருக்கும், கீழே வரவேற்பில் ஆளும் இருப்பார், லிஃப்ட் இருக்கும், நடுவில் துப்புரவுக்கும் வருவார்கள். இரண்டு அபார்ட்மென்ட் அடுத்தடுத்து எடுத்தால் உங்கள் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். ராத்திரி அப்பாவுக்கு ஏதாவது என்றால் கீழே ஒரு ஆள் இருப்பதும் பெரிய விஷயம். சமையலறை சின்னது, அதை ஒத்துக்கொள்ளவேண்டியதுதான்.

தூரத்துப்பச்சை:

முகில் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் இன்சுலின் விஷயத்தில் அங்கே இருக்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஹோட்டல் அறையில் வைக்கிற குட்டி ஃப்ரிட்ஜ் பாட்டிலைச் சில்லென்று காட்டுவதற்காக வைத்தது, சிலது 8 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. சிலதில் நேர்மாறாக, பின்பக்கச் சுவரில் ஐஸ் கட்டும். எந்த ஃப்ரிட்ஜாக இருந்தாலும் சின்னத் தெர்மோமீட்டர் ஒன்றைக் கொண்டுபோய் ஒரு ராத்திரி உள்ளே வைத்துப் பாருங்கள், இன்சுலினை ஃப்ரீசரை ஒட்டியோ பின்சுவரை ஒட்டியோ வைக்காமல் நடுத் தட்டில் வையுங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பேனா பெரும்பாலும் அறைச் சூட்டிலேயே சில வாரம் தாங்கும், எத்தனை நாள் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கும். விமானம் என்றால் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள்.

சக்கரக்கால்:

அந்த 15 சதவீத ஆளிடம் "ஆப்பிலேயே புக் செய்கிறேன், முழு வாடகையும் தருகிறேன்" என்று எழுதினேன். அதன் பிறகு பதிலே இல்லை. வேறு ஒரு வீடு பார்த்துவிட்டோம், பதிவு எண் போட்டிருக்கிறது, சமையலறை ஹாலோடு திறந்தே இருக்கிறது, பாத்திரம் கழுவும் மெஷினும் உண்டு. பெரிய பாத்திரம் 6 லிட்டர்தானாம், இன்னொன்றை நாங்களே கொண்டுபோகிறோம், காந்தம் வைத்துப் பார்த்தாயிற்று. ரத்து செய்தால் 14 நாள் முன்புவரை முழுப் பணமும் திரும்ப வரும்.

ஒரு சந்தேகம் மட்டும். நாங்கள் போய்ச் சேர ராத்திரி பத்துப் பதினொன்று ஆகும், வீட்டுக்காரர் அந்த ஊரில் இல்லை, சாவியைக் கதவருகே நம்பர் போட்டுத் திறக்கும் பெட்டியில் வைத்திருப்பாராம். இதில் ஏதாவது சிக்கல் வருமா?

சாவிக்கொத்து:

பெரும்பாலும் வராது, ஆனால் இருட்டில் வரும். பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, வாசலுக்கு எப்படி வருவது என்று பகலில் எடுத்த படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். நம்பரையும் படத்தையும் ஃபோனிலேயே சேமித்துக்கொள்ளுங்கள், இறங்குகிற இடத்தில் இன்டர்நெட் கிடைக்காமல் போகலாம். உங்கள் ஃபோனில் மட்டும் இல்லாமல் தங்கை ஃபோனிலும் இருக்கட்டும். மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, அவசரத்துக்கு உள்ளூரில் யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபியூஸ் போனால் வேறு ஊரில் தூங்குகிற வீட்டுக்காரரை எழுப்பிப் பிரயோஜனம் இல்லை.